நான்காவது முள்

“மச்சான், இடதுபக்க ஸ்பீக்கர் போயிடுச்சு போல. பாஸ் வரும்போதெல்லாம் கொர்ருங்குது. கடையில கேட்டேன். வூஃபர் கிழிஞ்சிருக்கும், கழட்டிக் கொண்டுவாங்கன்னுட்டாங்க.”

அத்தான் குரலில் துக்கமே இருந்தது. பல வருஷம் ஆசைப்பட்டு வாங்கிய ஜோடி அது. மாலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். டிவிக்கு இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் உயரத்தில் இரண்டு மரப்பெட்டிகள், தலா 24 கிலோ. வூஃபரின் கூம்பை இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல உள்ளே அழுத்திப் பார்த்தேன். உரசல் இல்லை, கிழிசலும் இல்லை. பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, பெட்டியின் மேல் மூலையில் ஒரு விரலை வைத்து அழுத்தினேன். ‘டிக்’ என்றது. எதிர் மூலையில் அழுத்தினேன். மறுபடி ‘டிக்.’

“கிழியல அத்தான். ஒரு கால் தரையில சரியா நிக்கல.”

“நாலு காலும் தரையிலதானடா இருக்கு!”

மூன்று கால்தான் இருந்தது. நான்காவது, தரையைத் தொட்டும் தொடாமலும் அரை மில்லிமீட்டருக்குள் ஊசலாடிக்கொண்டிருந்தது. அந்த அரை மில்லிமீட்டருக்குத்தான் கடையில் வூஃபர் மாற்றப் பார்த்தார்கள்.

பம்பர ஆணியின் மேல் ஒரு பெட்டி

ஸ்பீக்கரைப் படுக்கவைத்து அடிப்பக்கத்தைப் பார்த்தால், நான்கு மூலையிலும் பம்பர ஆணி போல நான்கு எஃகுக் கூர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஹை-ஃபை வட்டாரத்தில் இவற்றை ஸ்பைக் என்பார்கள். நாம் முள் என்றே வைத்துக்கொள்வோம். மேல்பாதி திருகாணி, கீழ்பாதி கூம்பு, நடுவே ஒரு லாக் நட்டு. அவ்வளவுதான் கருவி.

இதன் நுனியில் நடப்பதுதான் ஆச்சரியம். 24 கிலோவை நான்கு முட்கள் சமமாகப் பங்கிட்டால் தலைக்கு 6 கிலோ. நுனியின் அகலம் அரை மில்லிமீட்டர் என்று கொள்வோம். தரையைத் தொடும் பரப்பு 0.2 சதுர மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 கிலோ அழுத்தம் வருகிறது. கார் டயர் சாலையை அழுத்துவது அதே அளவு இடத்தில் 2 கிலோ சொச்சம். கோயில் யானையின் பாதத்துக்கு அடியில் ஏறத்தாழ ஒரு கிலோ. நம் வீட்டுத் தளங்களுக்குப் போடும் எம் 20 கான்கிரீட் தாங்குவதற்கென்று குறிக்கப்பட்ட அளவு 200 கிலோ. யானை நடந்தால் பிளக்காத தரையில் ஒரு பாட்டுப்பெட்டி குழி போட்டுவிடும்.

இப்படி ஒரு சாதனம் எதற்கு? விடை பிரிட்டன் வீடுகளில் இருக்கிறது. அங்கே பழைய வீடுகளில் பெரும்பாலும் மரச்சட்டங்களின் மேல் பலகை அடித்த தரை; அதன்மேல் சுவருக்குச் சுவர் கம்பளம், கம்பளத்துக்கு அடியில் மெத்தென்று ஒரு விரிப்பு. தட்டையான அடிப்பாகத்தோடு ஸ்பீக்கரை அதில் வைத்தால் படகு போல மிதக்கும். 1980களில் அங்குள்ள ஹை-ஃபை பிரியர்களிடையே முள் வைக்கும் வழக்கம் நன்றாக வேரூன்றியது. முள் கம்பளத்தின் இழைகளை விலக்கிக்கொண்டு, அறுக்காமல், அடியில் இருக்கும் பலகையைப் போய்த் தொடும். பெட்டி மிதப்பதை விட்டு நிற்கத் தொடங்கும்.

அந்த வழக்கம் ஸ்பீக்கரோடு சேர்ந்து உலகம் முழுக்கக் கப்பலேறியது. கம்பளமே இல்லாத நம் கூடத்தில், வழவழப்பான விட்ரிஃபைட் டைல்ஸின் மேல், கம்பளத்தைத் துளைக்கப் பிறந்த முள் வந்து நிற்கிறது. இங்கே அதற்குத் துளைக்க எதுவும் இல்லை. ஆனால் அதன் மேல்பாதியில் இருக்கும் திருகாணிக்கு இங்கும் வேலை இருக்கிறது.

முக்காலியும் நாற்காலியும்

பொங்கல் வைக்க மூன்று கல் போதும் என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும். மேடுபள்ளமான வாசலில், கையில் கிடைத்த மூன்று கற்களை வைத்துப் பானையை ஏற்றினால் அது ஆடாது. காரணம் எளிய வடிவியல். எந்த மூன்று புள்ளிகளை எடுத்தாலும் அவற்றின் வழியாக ஒரு சமதளம் செல்லும். மூன்று கால் எப்போதும் தரையில் படியும். சாய்ந்து நிற்கலாம், ஆனால் ஆடாது. நில அளவைக்காரரின் கருவியும் ஒளிப்படக்காரரின் கேமராவும் முக்காலியில் ஏறி நிற்பது இதனால்தான்.

நான்காவது புள்ளி வந்ததும் சிக்கல் தொடங்குகிறது. முதல் மூன்று கால்கள் தளத்தை முடிவு செய்துவிட்டன. நான்காவது கால் அந்தத் தளத்தில் சரியாக வந்து அமர வேண்டுமானால் அதன் நீளமும் அதன் கீழே உள்ள தரையும் ஒத்துழைக்க வேண்டும். தற்செயலாக ஒத்துழைக்க வாய்ப்பே இல்லை. நம் மொழியில் முக்காலி, நாற்காலி என்று கால்களை எண்ணித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆடுகிற முக்காலியை யாரும் பார்த்ததில்லை. ஆடாத நாற்காலிக்காகக் கல்யாண மண்டபத்தில் எத்தனை முறை இடம் மாறியிருக்கிறோம்! அக்கா வீட்டு கிரைண்டரின் ஒரு காலுக்கு அடியில்கூட மடித்த காலண்டர் அட்டை ஒன்று வருஷக்கணக்காக இருக்கிறது. அதை அத்தான் கேலி செய்யாத விருந்தாளி கிடையாது.

கணிதக்காரர்கள் இதை விடவில்லை. 1970இல் ரோஜர் ஃபென் என்ற கணிதவியலாளர் இந்த ஆடும் மேசையை ஒரு தேற்றமாகவே எழுதினார். 1973இல் மார்ட்டின் கார்ட்னர், ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழின் தம் கணிதப் பத்தியில் இதைப் பொது வாசகர்களுக்குக் கொண்டுவந்தார். 2005இல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் இயற்பியலாளர் ஆந்த்ரே மார்த்தன் மேலும் ஒரு நிரூபணம் தந்தார். சாரம் இதுதான்: நான்கு காலும் சம நீளமுள்ள சதுர மேசை ஆடினால் அட்டையைத் தேட வேண்டாம். மேசையை இருந்த இடத்திலேயே சுழற்றுங்கள். கால் வட்டம் முடிவதற்குள் ஏதோ ஒரு நிலையில் நான்கு காலும் தரையில் படிந்தே தீரும். மேசை சமமட்டமாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை; ஆடாது என்பதற்கு உறுதி உண்டு.

அழகான தேற்றம். ஆனால் ஸ்பீக்கருக்கு உதவாது, இரண்டு காரணங்களால். ஸ்பீக்கர் கேட்பவரைப் பார்த்து நிற்க வேண்டும். ஆடுகிறது என்பதற்காக அதைச் சுவரைப் பார்க்கத் திருப்ப முடியாது. அடுத்து, தரை எங்கும் படியில்லாமல் தொடர்ச்சியாக இருந்தால்தான் தேற்றம் செல்லும். டைல்ஸ் தரையில் ஒரு டைலின் விளிம்பு பக்கத்து டைலைவிட ஒரு மயிரிழை தூக்கலாக இருக்கும். வெறுங்காலில் நடக்கும்போது பெருவிரலுக்குத் தெரியும் அந்தச் சின்னப் படி, தேற்றத்தின் அடிப்படையையே தட்டிவிடுகிறது.

அப்படியானால் மூன்று முள்ளோடு ஸ்பீக்கர் செய்தால் என்ன? சிலர் செய்கிறார்கள். விலை ஒன்று கொடுக்க வேண்டும். 25 சென்டிமீட்டர் சதுர அடிப்பாகத்தில் நான்கு மூலையிலும் கால் இருந்தால், நடுப்புள்ளியிலிருந்து விளிம்பு 12.5 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. முன்னால் இரண்டு, பின்னால் நடுவில் ஒன்று என்று மூன்று கால் வைத்தால், சரிவான பக்கங்கள் நடுப்புள்ளியிலிருந்து 5.6 சென்டிமீட்டரிலேயே வந்துவிடும். அதாவது பெட்டி கவிழ்வதற்கான தூரம் பாதிக்கும் கீழே போகிறது. குழந்தை பிடித்து எழுந்து நிற்கும் வீட்டில் இது சின்ன விஷயமல்ல. ஆகவே கவிழாமல் இருக்க நான்கு கால். ஆடாமல் இருக்க நான்காவது காலில் ஒரு திருகாணி.

அரைக் கிலோ கை

ஆடினால் ஆடட்டும், பாட்டுக்கு என்ன? நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே வருகிறது. வூஃபரின் கூம்பு முன்னால் பாயும்போது பெட்டி பின்னால் தள்ளப்படும். ஆறரை அங்குல வூஃபரில் அசையும் பகுதியின் எடை ஏறத்தாழ 15 கிராம். சத்தமாக வைத்து, விநாடிக்கு 40 முறை, முன்னும் பின்னும் 5 மில்லிமீட்டர் அது பாய்கிறது என்று கொள்வோம். அதற்குத் தேவைப்படும் உச்ச விசை ஏறத்தாழ அரைக் கிலோ எடைக்குச் சமம். 15 கிராம் காகிதக் கூம்பு, தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில், அரைக் கிலோ பலத்தோடு பெட்டியை விநாடிக்கு 40 முறை தள்ளி 40 முறை இழுக்கிறது.

பெட்டி அதற்கு எவ்வளவு அசையும்? தடையே இல்லாமல் அந்தரத்தில் தொங்கினால்கூட 3 மைக்ரான்தான். தலைமுடியின் அகலம் சுமார் 70 மைக்ரான். பயமுறுத்தும் எண் அல்ல. ஆனால் அந்தப் பெட்டி எப்படி நிற்கிறது என்பதில் சூது இருக்கிறது. நான்காவது முள் தொடாதபோது எடை முழுவதையும் ஏறக்குறைய இரண்டே முட்கள், மூலைவிட்டமாக எதிரெதிரே இருப்பவை, சுமக்கின்றன. பெட்டியின் எடைமையம் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது. மூலைவிட்டமும் நடுவில்தான் போகிறது. கழைக்கூத்தாடி கயிற்றின் மேல் நிற்பதுபோல, பெட்டி அந்த ஒரே கோட்டின் மேல் நிற்கிறது. ஒரு விரல் பட்டாலே சாய்வது அதனால்தான். அத்தான் வீட்டில் இருந்த அரை மில்லிமீட்டர் இடைவெளிக்குப் பெட்டியின் தலை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஆடியது.

அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு முள், அந்தப் பக்கம் ஒரு முள். இரண்டின் மேலும் சுமை கிட்டத்தட்ட இல்லை. சுமை இல்லாத நுனி, பாஸ் அடிக்கும்போது தரையைத் தொட்டுத் தொட்டு விடும். கூடவே லாக் நட்டும் தளர்ந்திருந்தால் அது பெட்டியின் அடிப்பலகையில் நடுங்கும். அத்தான் கேட்ட ‘கொர்’ இந்த இரண்டும் சேர்ந்தது. முள்ளில் குறை இருந்தால் காதுக்கு நிச்சயமாகக் கேட்பது இதுதான். கண்டுபிடிப்பது சுலபம். செல்போன் செயலி ஒன்றில் 20இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை ஓடவிட்டு, நடுக்கம் வரும் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு நட்டையும் விரலால் பிடித்துப் பாருங்கள். எந்த நட்டைப் பிடித்ததும் சத்தம் அடங்குகிறதோ அதுதான் குற்றவாளி.

கால் சுற்று

“சரி, ஸ்பேனர் எடு,” என்றார் அத்தான்.

ஸ்பேனருக்கு முன் செய்யவேண்டியவை உண்டு. ஆம்ப்ளிஃபையரை அணைத்தோம், ஒயர்களைக் கழற்றினோம். ஒரு போர்வையை விரித்து இரண்டு பேராகப் பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்தோம். கூம்புகள் இருக்கும் முகம் தரையைப் பார்க்கக் கூடாது. முள்ளைப் பிடித்தும் தூக்கக் கூடாது. முள் நீட்டியிருக்கும்போது பெட்டியை இழுப்பது தரைக்கும் கேடு, முள் மாட்டியிருக்கும் மரைக்கும் கேடு. பெரும்பாலான ஸ்பீக்கர் பெட்டிகள் எம்.டி.எஃப். பலகையால் ஆனவை. அதாவது மர இழைகளைப் பிசினோடு அழுத்திச் செய்தவை. அதில் நேரடியாக மரை நிற்காது என்பதால் உள்ளே ஓர் உலோக மரைக்குழலைப் பதித்திருப்பார்கள். பக்கவாட்டில் ஓங்கி ஒரு இழு இழுத்தால் குழல் பலகையைப் பிய்த்துக்கொண்டு வரும். அப்புறம் எபாக்ஸி பசை வைத்து ஒட்டி ஒரு நாள் காயவைக்க வேண்டியதுதான்.

நான்கு முள்ளையும் முழுக்க உள்ளே திருகிவிட்டு, எண்ணிக்கொண்டே வெளியே எடுத்தோம். எண்ணுவதில் பொருள் இருக்கிறது. வழக்கமான எம் 8 திருகாணியில் ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர்; எம் 6 என்றால் சரியாக 1 மில்லிமீட்டர். பத்துச் சுற்று என்றால் 12.5 மில்லிமீட்டர், நான்கிலும் ஒரே அளவு. அமெரிக்க ஸ்பீக்கர் சிலவற்றில் கால் அங்குலத் திருகாணி, அங்குலத்துக்கு 20 மரை என்ற கணக்கு இருக்கும். பார்வைக்கு எம் 6 போலவே இருப்பதால், தொலைந்த முள்ளுக்குப் பதில் கடையில் கிடைத்ததை வாங்கித் திணித்து மரையைத் தின்னவைத்தவர்கள் உண்டு. கையால் இரண்டு மூன்று சுற்று தடையில்லாமல் போகாத முள், அந்தத் துளைக்கு உரியதல்ல.

தரையில் முள் அமரும் இடங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வில்லை வைக்க வேண்டும். முள்ளோடு சிறு குழி போட்ட உலோக வில்லைகள் வரும். அவை இல்லாதவர்கள் பிரிட்டனில் பென்னி நாணயத்தையும் இங்கே ஒரு ரூபாயையும் வைக்கிறார்கள். நாணயம் வழுக்கும், குழி உள்ள வில்லையே நல்லது; எங்களிடம் அன்று இருந்தது நாணயம்தான். டைல்ஸ் தரை என்றால் வைப்பதற்கு முன் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று பொள்ளலாகக் கேட்டால் அடியில் சிமெண்ட் முழுதாகப் பரவவில்லை என்று அர்த்தம். கொத்தனார்கள் டைல்ஸ் ஒட்டியதும் தட்டிப் பார்ப்பதும் இதற்குத்தான். பொள்ளலான மூலையில் முள்ளை நிறுத்தினால் ஒருநாள் டைல் விண்டுவிடும். காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல, சிமெண்டில் வார்த்து நீரில் பதப்படுத்தியது. முள் அதில் நேரடியாக நின்றால் வடு நிச்சயம். பழைய சிவப்பு ஆக்சைடு தரையும் அப்படித்தான். அந்தப் பளபளப்பு மேலே ஒரு மெல்லிய படலம் மட்டுமே. விழுந்த குழியை அதே நிறத்தில் அடைக்க இன்று ஆள் கிடைப்பது கஷ்டம்.

பெட்டியை நிறுத்தினோம். தலையில் ரசமட்டம் வைத்தேன். பெயரில் ரசம் இருந்தாலும் அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் இருப்பது ஆல்கஹால் போன்ற திரவமும் ஒரு காற்றுக் குமிழியும்தான். முன்பின்னாக ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை. கால்கள் 25 சென்டிமீட்டர் இடைவெளியில், தலை ஒரு மீட்டர் உயரத்தில் என்பதால், கீழே செய்யும் மாற்றம் மேலே நான்கு மடங்காகத் தெரியும். முள்ளை ஒரு மில்லிமீட்டர் ஏற்றினால் தலை நான்கு மில்லிமீட்டர் நகரும். குமிழி நடுவுக்கு வந்ததும் மட்டம் முடிந்தது. நிற்பது இன்னும் முடியவில்லை. மட்டமாக இருந்துகொண்டே ஆட முடியும்.

இப்போதுதான் நான்காவது முள். ஒவ்வொரு மூலையாக விரலால் அழுத்தி எது ‘டிக்’ என்கிறது என்று பார்த்தோம். பின்பக்க வலது முள். “மெதுவா, கால் சுற்று,” என்றேன். கால் சுற்று என்றால் 0.3 மில்லிமீட்டர். அழுத்தினேன், டிக், ஆனால் மெலிந்த டிக். இன்னும் அரைக்கால் சுற்று. அழுத்தினேன். ஒன்றும் இல்லை. அதற்கு மேல் ஒரு துளி திருகினால் இந்த முள் பெட்டியைத் தூக்கி, பக்கத்து முள்ளை வேலையற்றதாக்கும்.

கடைசியில் லாக் நட்டு. பெரும்பாலானோர் கோட்டைவிடும் இடம் இது. நட்டை இறுக்கும்போது அது மரையில் இருக்கும் துளி விளையாட்டையும் இழுத்துக்கொள்ளும். முள்ளையும் கூடவே சற்றுத் திருப்பும். ஆகவே ஒரு கையால் முள்ளை அசையாமல் பிடித்து, மறுகையால் நட்டை இறுக்க வேண்டும். இறுக்கியபின் நான்கு மூலையையும் மறுபடி அழுத்திப் பார்க்க வேண்டும். நட்டு அசையாத அளவுக்கு இறுக்கினால் போதும், பலகை நெரியும் அளவுக்கு வேண்டாம்.

அத்தான் பாட்டைப் போட்டார். ‘கொர்’ இல்லை.

ஹெர்ட்ஸின் இன்னொரு கணக்கு

“அப்ப இந்த முள்ளு, அதிர்வை எல்லாம் தரைக்குள்ள இறக்கிடுதுங்கறாங்களே? திரும்ப மேல வரவிடாதாமே?” என்று கேட்டார் அத்தான். விளம்பரங்களில் அப்படித்தான் எழுதுகிறார்கள். முள் ஒரு ஒருவழிப் பாதையாம். பெட்டியின் அதிர்வு இறங்கும், தரையின் அதிர்வு ஏறாதாம்.

இயற்பியல் இதற்கு இடம் தருவதில்லை. முள் வெறும் எஃகுத் துண்டு. மேலிருந்து கீழே எதைக் கடத்துகிறதோ அதைக் கீழிருந்து மேலேயும் கடத்தும். கூம்பு வடிவம் அதை மாற்றாது.

நுனியில் உண்மையில் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். ரேடியோ அலைகளை 1880களின் கடைசியில் நிரூபித்தவர். அதிர்வெண்ணை அளக்கும் அலகுக்குப் பெயர் தந்தவர். அதற்குச் சில ஆண்டுகள் முன், தம் இருபது வயதுகளின் தொடக்கத்தில், பெர்லினில் இருந்தபோது வேறொரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. ஒன்றின்மேல் ஒன்று அழுத்தப்பட்ட கண்ணாடி வில்லைகள் தொடும் இடத்தில் எப்படி நெளிகின்றன? அதற்கு அவர் கண்ட விடை இன்று பால் பேரிங்கிலிருந்து ரயில் சக்கரம் வரை பயன்படுகிறது. உருண்டையான எதுவும் புள்ளியாகத் தொடுவதில்லை. சுமை ஏறியதும் தொடும் இடம் நசுங்கி ஒரு சிறு வட்டமாகிறது. அந்த வட்டம் ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்கிறது.

அந்தச் சூத்திரத்தில் நம் முள்ளைப் போட்டால் ஒரு வேடிக்கை வெளிப்படுகிறது. அரை மில்லிமீட்டர் ஆரமுள்ள எஃகு நுனி, எஃகு வில்லையின் மேல் 6 கிலோ சுமையோடு நிற்கிறது. அப்படி நான்கு. அதன்மேல் 24 கிலோ பெட்டி மேலும் கீழும் அதிரும் இயல்பான வேகம், ஏறத்தாழ விநாடிக்கு 240 முறை. ஆக, ‘இறுக்கமான பிடி’ என்று பெயரெடுத்த முள்ளும் ஒரு ஸ்பிரிங்தான், மிக விறைப்பான ஸ்பிரிங். நுனி மழுங்கித் தொடும் வட்டம் பெரிதானால் விறைப்பு கூடும். மழுங்கிய முள்ளை அரம் போட்டுக் கூராக்குகிறவர்கள் விறைப்பைக் குறைத்துக்கொள்கிறார்கள். துளைக்கக் கம்பளம் இல்லாத வீட்டில் கூருக்கு என்ன வேலை?

எல்லாமே ஸ்பிரிங் என்றால் எது நல்ல ஸ்பிரிங்? எளிய விதி ஒன்று உண்டு. பெட்டியின் எடையால் அடிப்பாகம் எவ்வளவு அமுங்குகிறதோ, அதைக்கொண்டே இயல்பான அதிர்வெண்ணைச் சொல்லிவிடலாம். 4 மில்லிமீட்டர் அமுங்கினால் 8 ஹெர்ட்ஸ். 1 மில்லிமீட்டர் என்றால் 16. கால் மில்லிமீட்டர் என்றால் 32. பாஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. இந்த அக்கம்பக்கத்தில் அடிப்பாகத்தின் அதிர்வெண் வந்து விழுந்தால், அந்தச் சுருதி வரும்போதெல்லாம் பெட்டியும் கூடவே ஆடும். ஆகவே ஒன்று நன்றாக மெதுவாக இருக்க வேண்டும், இல்லை நன்றாக விறைப்பாக இருக்க வேண்டும். இரண்டும் கெட்டான் ரப்பர் பாதங்கள்தான் வம்பு. மரப்பலகைத் தரையில் முள் வைத்தால் பலகையே சேர்ந்து பாடும் என்பதால், அங்கே இப்போது பலர் முள்ளை விட்டுவிட்டு மெதுவான ஸ்பிரிங் பாதங்களுக்கு மாறுகிறார்கள். நம் வீடுகளில் ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோ எடை. அரைக் கிலோ கை தள்ளி அதை அசைத்துவிட முடியாது. அந்தத் தரையில் முள்ளும் சரி, தட்டைப் பாதமும் சரி, ஆடாமல் நின்றால் போதும்.

அப்படியும், முள்ளைச் சரிசெய்த பிறகு பாட்டு ‘திறந்துகொண்டது’ என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் ஏதோ கேட்கிறார்கள். பெட்டியைத் தூக்கி இறக்கியபோது சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். பாஸை அது முள்ளைவிட அதிகமாக மாற்றும். கண்ணும் காதுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. அமெரிக்காவில் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில் ஸ்பீக்கர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டும் ஒருமுறை திரைக்குப் பின்னால் மறைத்தும் கேட்கவைத்தார்கள். பார்த்தபோது கொடுத்த மதிப்பெண்கள் மறைத்தபோது மாறிப்போயின. அரை மணி நேரம் தரையில் குனிந்து திருகிவிட்டு எழுந்தவனின் காது, வித்தியாசம் இல்லை என்று சொல்ல அவ்வளவு எளிதில் ஒப்பாது.

தினமும் துடைக்கும் தரை

பிரிட்டன் கம்பளத்தில் நின்ற முள்ளுக்குத் தெரியாத ஒரு சோதனை நம் வீட்டில் உண்டு. அது மாப். தினமும் ஈரத்துணி முள்ளைச் சுற்றி ஒரு வளையம் விட்டுப் போகும். கடற்கரை ஊர் என்றால் காற்றிலேயே உப்பு. முலாம் பூசிய எஃகில் நுனியில்தான் பூச்சு முதலில் தேயும். அங்கே துரு பிடிக்கும். வெள்ளை மார்பிளில் காவி நிறத்தில் ஒரு பொட்டு விழும், அது எளிதில் போகாது. வருஷத்துக்கு ஒருமுறை முள்ளைக் கழற்றித் துடைத்து, மரையில் ஒரு துளி கிரீஸ் தடவி மாட்டினால் பல வருஷம் சிக்காது. எம்.டி.எஃப். ஈரம் குடித்தால் உப்பும்; அடிப்பலகையின் ஓரம் பருத்திருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம்.

புதிதாக வைத்த ஸ்பீக்கரை ஒரு வாரம் கழித்து மறுபடி அழுத்திப் பார்க்க வேண்டும். கம்பளமோ மரத்தரையோ என்றால் முட்கள் எடைக்கேற்ப இறங்கியிருக்கும். எந்தத் தரை என்றாலும் நட்டுகள் தளரக்கூடும். கம்பளம் உள்ளவர்கள் முள்ளை இறக்குமுன் அடியில் ஒயர் ஓடுகிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். 3,000 கிலோ அழுத்தத்துக்கு ஒயரின் மேலுறை எம்மாத்திரம்?

மறுவாரம் அத்தானிடமிருந்து போன். “மச்சான், மறுபடியும் டிக்.”

போய்ப் பார்த்தேன். தரை துடைக்கும்போது யாரோ பெட்டியைச் சற்று நகர்த்தியிருக்கிறார்கள். பின்பக்க முள் நாணயத்திலிருந்து வழுக்கி நேராக டைலில் நின்றது. ஒரு நாணயத்தின் கனம் குறைந்துபோனது. அத்தான் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தார்; போன வாரம் எங்கே வைத்தோம் என்று இருவருக்கும் நினைவில்லை.

அக்கா அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். காலண்டர் அட்டை ஒன்றைக் கிழித்து, மடித்து, “கொஞ்சம் சாச்சுப் பிடிங்க” என்றாள். சாய்த்துப் பிடித்தோம். முள்ளுக்கு அடியில் அட்டை, அட்டையின் மேல் ஒரு ரூபாய். இறக்கினோம்.

நான்கு மூலையிலும் விரலை வைத்து அழுத்தினேன். சத்தமே இல்லை.

“கிரைண்டருக்கு வெச்சப்ப ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சீங்களே,” என்றாள் அக்கா, அத்தானைப் பார்த்து. அவர் ஸ்பேனரைத் தேடுவதை நிறுத்திவிட்டுப் பாட்டைப் போடப் போனார்.